ஆறு ஹவில்தார்கள், ஒரே கடிதம்: கையெழுத்துப் போடலாமா?

வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் தரைப்படையில் ஹவில்தார். சேர்ந்து 14 வருடம் முடிந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் அவருடைய கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேஜர் கமாண்டராக வந்திருக்கிறார். வந்த நாளிலிருந்து நிம்மதி போய்விட்டதாம். ஒருவன் பூட்ஸில் சேறு இருந்தால் மொத்த கம்பெனியும் பிட்டு (முதுகில் சுமக்கும் பாரப் பை) மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஜவான்கள் வரிசையில் நிற்கும்போதே ஹவில்தார்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். நாத்தனார் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த லீவை, கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ரத்து செய்திருக்கிறார். ராத்திரிப் பயிற்சி ஒன்றில் மேப்பைத் தப்பாகப் படித்துக் கம்பெனியை வேறு ஓடைக்கு இழுத்துப் போய்விட்டு, பழியை முன்னால் போன செக்‌ஷன் கமாண்டர் தலையில் கட்டினாராம்.

இதற்கிடையில் லீவில் வந்த கணவர், நண்பர் கொடுத்த பென் டிரைவில் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொடரின் பத்து பகுதிகளையும் உட்கார்ந்து பார்த்து முடித்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் அந்த மேஜருக்குப் பெயர் 'சோபல்'. "அந்த சார்ஜென்ட்டுங்க பண்ண மாதிரி நாங்களும் பண்ணப் போறோம்" என்று ஃபோனில் சொல்கிறாராம். ஆறு ஹவில்தார்கள் சேர்ந்து, இவருக்குக் கீழே இந்த ரேங்கில் இருக்க விருப்பமில்லை என்று பட்டாலியன் தலைவரான சிஓவுக்கு (கமாண்டிங் ஆபீசர்) எழுதப் போகிறார்கள். சகோதரி பள்ளி ஆசிரியை என்பதால், ஆங்கில வரைவைத் திருத்தித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார் கணவர். அதன் படமும் எனக்கு வந்திருக்கிறது.

அவர் கேட்பது இவ்வளவு: தொடரில் நடந்தது போல மேஜரை மாற்றிவிடுவார்களா? தகுதியில்லாத தலைவனுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை என்று கணவர் சொல்கிறாரே, உண்மையா? நான் முகநூலில் எழுதினாலோ வீடியோ போட்டாலோ பலன் உண்டா? முடியாவிட்டால் சென்னையில் கேஸ் போடலாமா?

சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. அந்த வரைவைத் திருத்தாதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். கணவரிடம், "வக்கீல் ஒருத்தரைக் கேட்டிருக்கேன், பதில் வர்ற வரைக்கும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்" என்று இன்றே சொல்லிவிடுங்கள். அவருடைய வேதனை நியாயமானது. அதைச் சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த வழிதான் ஆபத்தானது. அந்தத் தொடரையே வைத்துப் பேசினால் அவருக்கு எளிதாகப் புரியும் என்று நினைக்கிறேன். அதில் பார்க்க வேண்டிய காட்சியை விட்டுவிட்டுப் பக்கத்துக் காட்சியை அவர் பிடித்துக்கொண்டார்.

அந்த சார்ஜென்ட்டுகளுக்கு என்ன ஆனது

2001-ல் எச்பிஓவில் வந்த தொடர் அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 101-ஆவது வான்வழி டிவிஷனில், 506-ஆவது பாராசூட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஈஸி கம்பெனியின் கதை. மனிதர்கள் நிஜம், பெயர்களும் நிஜம். ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா முகாமில் கம்பெனித் தலைவர் ஹெர்பர்ட் சோபல் அந்தக் கம்பெனியைப் பிழிந்தெடுக்கிறார். குராஹீ மலைக்கு மேலே மூன்று மைல், கீழே மூன்று மைல் ஓட்டம். சின்னக் குற்றத்துக்கும் வார இறுதி விடுப்பு பறிபோகும். அப்புறம் இங்கிலாந்துக்குப் போனதும் அவருடைய பலவீனம் தெரிந்துவிடுகிறது. வயல்வெளியில் மேப்பை வைத்துக்கொண்டு திசை தெரியாமல் நிற்கிறார். இவரை நம்பிப் போருக்குப் போனால் செத்துவிடுவோம் என்று சார்ஜென்ட்டுகள் முடிவு செய்து, ரேங்கைத் துறப்பதாக ஆளுக்கொரு கடிதம் எழுதி ரெஜிமென்ட் தலைவர் கர்னல் சிங்க்கிடம் கொடுக்கிறார்கள். சோபல் மாற்றப்படுகிறார். உங்கள் கணவர் நினைவில் வைத்திருப்பது இது வரைதான்.

எழுதுவதற்கு முந்தின காட்சியை அவரைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜென்ட் லிப்டன் மற்றவர்களிடம் விளைவை ஒளிக்காமல் சொல்கிறார்: போர்க்காலத்தில் இது கலகம், சுவரோரம் நிறுத்திச் சுடலாம். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அது மிகையான வசனம் இல்லை. அன்று அமெரிக்கப் படையில் நடைமுறையில் இருந்த போர்ச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு கலகத்துக்கு மரண தண்டனை வரை அனுமதித்தது. கடிதங்களைப் பார்த்த சிங்க் கொதித்துப் போகிறார். ஒரு சார்ஜென்ட் அந்த இடத்திலேயே ரேங்கை இழந்து ரெஜிமென்ட்டை விட்டே அனுப்பப்படுகிறார். இன்னொருவர் சாதாரணச் சிப்பாயாக இறக்கப்படுகிறார். மற்றவர்கள் திட்டோடு தப்புகிறார்கள்.

ஏன் தப்பினார்கள்? ஆளுக்கொரு கடிதம் எழுதியதாலா? இல்லை, தனித்தனித் தாளில் இருந்தாலும் அது கூட்டு வேலை என்பது சிங்க்குக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. பிரான்ஸ் மீதான படையெடுப்புக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. அந்த நேரத்தில் ஒரு கம்பெனியின் சார்ஜென்ட்டுகளை மொத்தமாக உள்ளே தள்ளினால், புது ஆட்களைப் பழக்க நேரம் கிடையாது. அந்த நெருக்கடி அவர்களைக் காப்பாற்றியது. உங்கள் கணவரின் பட்டாலியனில் அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. ஆறு ஹவில்தார்களை மாற்றிவிட்டு வேறு ஆறு பேரைக் கொண்டுவர சிஓவுக்கு அதிக நாள் ஆகாது.

இன்னொரு விஷயம், தொடரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. மேலதிகாரியால் அநீதிக்கு ஆளானவர் ஜெனரல் வரை புகார் கொண்டு போக, அன்றைய அமெரிக்கச் சட்டத்திலேயே 121-ஆவது பிரிவு என்று ஒரு வழி இருந்தது. சார்ஜென்ட்டுகள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

விண்டர்ஸ் செய்ததைப் பாருங்கள்

அதே முதல் பகுதியில், அதே சோபலுக்கு எதிராக, லெப்டினன்ட் ரிச்சர்ட் விண்டர்ஸ் வேறொன்று செய்கிறார். நான் ராணுவ வழக்குகள் பார்ப்பவன். எனக்கு அந்தப் பகுதியில் மிகப் பிடித்தது அந்தக் கழிவறை விவகாரம்தான்.

1943-ன் கடைசி மாதங்கள், இங்கிலாந்தின் ஆல்ட்போர்ன் கிராமம். கழிவறைகளை 10 மணிக்குச் சோதிக்கும்படி விண்டர்ஸுக்கு உத்தரவு. அவர் 10 மணிக்கு வருகிறார். நேரத்தை 9:45 ஆக மாற்றிவிட்டேன், நீ தாமதம் என்கிறார் சோபல். ஃபோனில் சொல்லியிருந்தேன் என்கிறார். விண்டர்ஸ் தங்கியிருந்த இடத்தில் ஃபோனே இல்லை. தண்டனை: 60 நாளைக்கு விடுப்புச் சீட்டு கிடையாது. விண்டர்ஸுக்கு இது பெரிய தண்டனையே இல்லை, வெளியே சுற்றுகிற ஆளும் இல்லை அவர். பேசாமல் ஏற்றுக்கொண்டு போயிருக்கலாம். சோபல் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் விண்டர்ஸ் அந்தத் தண்டனைத் தாளிலேயே, ராணுவ நீதிமன்ற விசாரணை வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். அன்றைய சட்டத்தின் 104-ஆவது பிரிவு அவருக்குக் கொடுத்த உரிமை அது. கமாண்டர் தருகிற தண்டனையை ஏற்காமல் முறையான விசாரணையைக் கேட்கலாம்.

அந்தத் தாளில் சோபல் கொடுங்கோலர் என்றோ மேப் படிக்கத் தெரியாதவர் என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள், ஒரு நேரம், ஒரு உத்தரவு. கையெழுத்தும் ஒன்றுதான். கம்பெனியில் பாதிப் பேர் தன் பக்கம் என்று தெரிந்தும் யாரையும் அவர் கூட்டுச் சேர்க்கவில்லை. விளைவு? விசாரணை நடந்தால் பொய் வெளியே வந்துவிடும் என்பதால் மேலே இருந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். அவரை மெஸ் அதிகாரியாகத் தள்ளி வைத்தார்கள். சமையல் கூடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினார். இதையும் உங்கள் கணவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சட்டப்படி போனாலும் நடுவில் ஒரு கசப்பான காலம் வரும். ஆனால் அவர் மேல் குற்றம் எதுவும் நிற்கவில்லை. கம்பெனிக்குத் திரும்பினார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில், கம்பெனித் தலைவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் ஈஸி கம்பெனியை நடத்தியவர் அவர்தான்.

நம் நாட்டில் ஹவில்தாருக்கு அதே உரிமை அப்படியே கிடையாது. சிஓ நேரடியாக விசாரித்துத் தரும் சிறு தண்டனையை மறுத்து கோர்ட் மார்ஷல் கேட்க முடியாது. ஆனால் விண்டர்ஸின் முறை நமக்கும் பொருந்தும். அதற்கான சட்டப் பிரிவைக் கீழே சொல்கிறேன்.

"தகுதியில்லாதவனுக்கு ஏன் கீழ்ப்படியணும்?"

இந்த எண்ணத்தைத்தான் முதலில் களைய வேண்டும். ராணுவச் சட்டம் 1950-ன் 41-ஆவது பிரிவு, மேலதிகாரியின் சட்டப்படியான கட்டளையை மீறுவது குற்றம் என்கிறது. கட்டளை சட்டப்படியானதா என்பதுதான் கேள்வி. கொடுத்தவர் நல்லவரா, திறமைசாலியா, விண்டர்ஸ் மாதிரி இருக்கிறாரா என்பதெல்லாம் அங்கே எழாது. சங்கம் வைப்பது, பத்திரிகையில் பேசுவது போன்ற உரிமைகளில் படையினருக்குக் கட்டுப்பாடு விதிக்க அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவே இடம் கொடுக்கிறது. வெளியே ஒரு தொழிற்சாலையில் ஆறு பேர் சேர்ந்து மனுக் கொடுப்பது சகஜம். பாராட்டக்கூட செய்வோம். சீருடையில் கூட்டு மனுவுக்கு இடமே கிடையாது.

தகுதியில்லாத தலைவரை மாற்றவே முடியாதா என்றால், முடியும். மேலிருந்து முடியும். தொடரின் ஏழாவது பகுதியில் ஃபோய் கிராமத் தாக்குதல் வருகிறது, 1945 ஜனவரி. லெப்டினன்ட் நார்மன் டைக் பாதி வழியில் உறைந்து போய் உட்கார்ந்துவிடுகிறார், ஆட்கள் திறந்த வெளியில் சாகிறார்கள். அப்போது பட்டாலியனில் இருந்த விண்டர்ஸ், பக்கத்துக் கம்பெனியின் ரொனால்ட் ஸ்பியர்ஸை அனுப்பி டைக்கை அந்த நிமிடமே விலக்குகிறார். அதை சார்ஜென்ட்டுகள் செய்யவில்லை. டைக்கைப் பற்றி மாதக்கணக்கில் அவநம்பிக்கை இருந்தும், கீழே இருந்தவர்கள் அவருடைய உத்தரவைத் தாண்டவில்லை.

டைக் பற்றி ஒரு இடைக்குறிப்பு. அவர் வீரச் செயல்களுக்காகப் பதக்கம் பெற்றவர். அது தொடரில் வராது. சோபல் தந்த பயிற்சிதான் எங்களைக் காப்பாற்றியது என்று அவரை வெறுத்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். தொடர் கதையைக் கம்பெனி ஆட்களின் நினைவிலிருந்து சொல்கிறது. அதிகாரி தரப்பை விசாரிக்கும் வேலை அதற்கு இல்லை. ஆனால் உங்கள் கணவரின் புகார் போனால், சிஓ மேஜரையும் கூப்பிட்டுக் கேட்பார். அங்கே மேஜருக்கும் ஒரு பதில் இருக்கும். "கம்பெனி உடல் தகுதியில் பின்தங்கியிருந்தது, அதனால் ஓட வைத்தேன்" என்பார். அந்தப் பதிலுக்கு முன்னால் நிற்கக்கூடிய புகாராக இருக்க வேண்டும்.

அந்த வரைவில் என்ன இருக்கிறது

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒரு பக்கம், கீழே ஆறு பேருக்கும் கையெழுத்துக் கோடு. திமிர் பிடித்தவர், தகுதியற்றவர், கம்பெனியின் மனஉறுதியைக் கெடுக்கிறார் என்று அடைமொழிகள் நிறைய. நடுவில் ஒரு வரியில் 'கேப்டன் சோபலைப் போல' என்று வேறு இருக்கிறது. சிஓ அந்தத் தொடரைப் பார்த்திராவிட்டால் யார் அந்தக் கேப்டன், எந்த யூனிட் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்! தேதியோடு, சரிபார்க்கக் கூடியதாக இருப்பது ஒன்றே ஒன்று: லீவு ரத்தான விஷயம்.

இப்படியே போனால் என்ன ஆகலாம்? ஆறு பேரும் ஆயுதத்தைக் கீழே போடவில்லை, உத்தரவை மறுக்கவில்லை. அதனால் உடனே 37-ஆவது பிரிவின்படி கலகம் என்று சொல்லிவிடுவார்கள் என நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பிரிவின் வீச்சு பெரியது. தண்டனை மரணம் வரை போகும். சேர்ந்தவர்கள் மட்டுமல்ல, சதி நடப்பது தெரிந்தும் மேலே சொல்லாதவரும் அதில் வருவார். கூடிப் பேசியது, ஃபோனில் "நாங்க பண்ணப் போறோம்" என்றது, வாட்ஸ்அப்பில் வரைவு சுற்றியது, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்காது. நடைமுறையில் வருவதற்கு அதிக வாய்ப்புள்ளது 63-ஆவது பிரிவு, ஒழுங்குக்குக் கேடான செயல். அதற்கே ஏழு வருடம் வரை சிறை உண்டு. அவ்வளவு தூரம் போகாமல் ஒரு ரெட் இங்க் என்ட்ரியோடு (பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்பு) முடிந்தாலும், அடுத்த புரமோஷன் தள்ளிப் போகும்.

உங்கள் வீட்டுக் கணக்கையும் பாருங்கள். சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பென்ஷன் கிடைக்க 15 வருடப் பணி வேண்டும். உங்கள் கணவர் அந்த வாசலில் நிற்கிறார். இப்போது பணியிலிருந்து நீக்கப்பட்டால் இத்தனை வருட உழைப்புக்கும் மாதப் பென்ஷன் இல்லாமல் வீடு திரும்ப நேரிடும். ரேங்கைத் துறப்பதும் வெறும் ரோஷம் இல்லை. சம்பளம் குறையும், அதை வைத்துக் கணக்கிடும் பென்ஷன் குறையும், ரேங்குக்கு ஏற்ற பணிக்காலமும் குறையும்.

சட்டம் தரும் வழி

ராணுவச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு ஹவில்தார் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. மேலதிகாரியால் தனக்கு அநீதி நடந்ததாகக் கருதும் எவரும் தன் கம்பெனி கமாண்டரிடம் புகார் செய்யலாம். புகாரே அவர் மேல் என்றால், அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் செய்யலாம், அதாவது உங்கள் விஷயத்தில் சிஓவிடம். புகாரைப் பெறுபவர் தன்னால் முடிந்தவரை முழுமையாக விசாரிக்க வேண்டும், தன்னால் தீர்க்க முடியாததை மேலே அனுப்ப வேண்டும் என்று அதே பிரிவு கட்டாயப்படுத்துகிறது. அந்தப் பதிலிலும் திருப்தி இல்லையென்றால், படிப்படியாக மேலே கொண்டு போக முறை இருக்கிறது.

எழுத்துக்கு முன் வாய் வழி. ஹவில்தார் சாப் முதலில் பேச வேண்டியது கம்பெனியின் சீனியர் ஜேசிஓவிடம் (நாயிப் சுபேதார், சுபேதார் போன்ற ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்), பிறகு சுபேதார் மேஜர் சாப்பிடம். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். சுபேதார் மேஜர் சிஓ காதில் போடுகிற ஒரு வார்த்தைக்கு இருக்கும் கனம் நான்கு பக்க மனுவுக்கு இருக்காது. அதிலும் நடக்கவில்லை என்றால் சிஓ இன்டர்வியூ கேட்கலாம். யார் வழியாகக் கேட்டார், எந்தத் தேதியில் கேட்டார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும்.

எழுத்தில் கொடுப்பதானால் தனக்கு நடந்ததை மட்டும் எழுத வேண்டும். லீவு என்று சாங்ஷன் ஆனது, யார் கையெழுத்து, என்று எத்தனை மணிக்கு ரத்து என்று சொன்னார்கள், காரணம் சொன்னார்களா, டிக்கெட் நகல், கல்யாணப் பத்திரிகை. ஜவான்கள் முன்னால் ஏசிய நாள், இடம், சொன்ன வார்த்தைகள், அங்கே நின்றவர் யார். கடைசியில் என்ன பரிகாரம் வேண்டும் என்று ஒரு வரி. மேஜரை மாற்றுங்கள் என்று கேட்க வேண்டாம், அது சிஓவின் முடிவு. ராத்திரிப் பயிற்சியில் வழி தவறிய கதையை விட்டுவிடட்டும். அதில் அநீதி நடந்தது பழி சுமந்த செக்‌ஷன் கமாண்டருக்கு. சொல்ல வேண்டியவர் அவர்தான், அதுவும் தன் பெயரில். கம்பெனியோடு ஓடியதும் புகாருக்கு நிற்காது. கை நீட்டியிருந்தால் கதை வேறு. கீழ்நிலையில் இருப்பவரைத் துன்புறுத்தும் அதிகாரிக்கு 47-ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை சிறை உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். பொய் என்று தெரிந்தே ஒருவர் நடத்தையைக் குறை சொன்னாலோ, முக்கியமான உண்மையை மறைத்தாலோ, 56-ஆவது பிரிவு புகார் கொடுத்தவர் மேலேயே பாயும்.

மற்ற ஐந்து பேர்? அவரவருக்குச் சொந்தக் குறை இருந்தால் அவரவர் சொந்த வார்த்தையில் கொடுக்கட்டும். ஒரே வாசகத்தை ஆறு தாளில் எழுதி ஒரே நாளில் நீட்டினால், கர்னல் சிங்க் கண்டுபிடித்தது போல உங்கள் சிஓவும் கண்டுபிடிப்பார்.

இதனால் பழிவாங்கல் வராதா என்று கேட்பீர்கள். வரலாம். ஹவில்தாரின் வருடாந்தர ரகசிய அறிக்கையை எழுத ஆரம்பிப்பவர் அந்தக் கம்பெனி கமாண்டரே. ஆனால் தேதியோடு ஒரு புகார் ஏற்கெனவே பதிவில் இருந்தால், அதற்குப் பின் திடீரென்று மோசமாக வரும் அறிக்கையை எதிர்த்து வாதாடுவது எளிது. பதிவே இல்லாதவருக்காக வாதாடுவதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

நீங்கள் செய்யக் கூடியதும் கூடாததும்

முகநூல் வேண்டாம், வீடியோ வேண்டவே வேண்டாம். 2017-ல் சாப்பாடு சரியில்லை என்று வீடியோ போட்ட எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் அதே வருடம் பணிநீக்கம் செய்யப்பட்டார். அது வேறு படை, வேறு சட்டம். ஆனாலும் பார்வை ஒன்றுதான். அந்தப் பரபரப்புக்குப் பின், அப்போதைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத் குறைகளைப் புகார்ப் பெட்டியில் போடுங்கள், சமூக ஊடகத்துக்குப் போகாதீர்கள் என்று அறிவித்ததை நினைவில் வையுங்கள். இந்தப் பகுதிக்கு எழுதியது நீங்கள் என்பதும் நல்லதாகப் போயிற்று. பணி விஷயத்தை அனுமதியின்றிப் பத்திரிகைக்குச் சொல்ல, ராணுவ விதிகள் 1954-ன் 21-ஆவது விதி அவருக்குத் தடை போடுகிறது. யூனிட் பெயரும் இடமும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் எடுத்துவிட்டேன், இனி எங்கும் எழுதாதீர்கள்.

சிஓவுக்கு நீங்களே கடிதம் எழுதுவதும், தெரிந்த எம்.எல்.ஏ. மூலம் சொல்லிப் பார்ப்பதும் அவருக்குத்தான் தலைவலி. பணி விஷயத்தில் வெளிச் செல்வாக்கைக் கொண்டுவந்தார் என்று அவர் மேல் திரும்பும். வீட்டில் உண்மையான கஷ்டம் இருந்தால், அதாவது மாமியார் உடல்நிலை, நிலத் தகராறு போன்றவை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெயரில் முன்னாள் என்று இருந்தாலும், பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் உதவுவார்கள். அவர்கள் வழியாகப் போகும் கடிதத்தை யூனிட்டில் மதிப்பார்கள்.

கேஸ் பற்றி. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, சென்னையிலும் அமர்வு இருக்கிறது. ஆனால் லீவு, இடமாற்றம் இரண்டையும் அந்தச் சட்டமே தீர்ப்பாயத்தின் அதிகார வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. நாத்தனார் கல்யாண லீவுக்காக அங்கே போக முடியாது. லீவு என்பது பணித் தேவைக்கு உட்பட்டது, முந்தின நாள் ரத்து செய்வதும் தன்னளவில் சட்டவிரோதம் ஆகாது. காரணம் சொல்லாமல், வேண்டுமென்றே ஒருவரைக் குறிவைத்துச் செய்தார் என்றால்தான் 26-ஆவது பிரிவின் கீழ் கேட்கும் விஷயமாகும். ரகசிய அறிக்கை, புரமோஷன், பணிநீக்கம் போன்றவற்றுக்குத் தீர்ப்பாயம் உண்டு. அதுவும் சென்னையிலேயே போட முடியுமா என்பது அவர் எங்கே பணியில் இருக்கிறார், பிரச்சினை எங்கே எழுந்தது என்பதைப் பொறுத்தது. ஊர் வேலூர் என்பது மட்டும் போதாது.

நாள் கணக்கில் கவனமாக இருங்கள். உள்வழிப் புகார் கொடுத்துப் பார்க்காமல் தீர்ப்பாயம் சாதாரணமாக மனுவை எடுக்காது. புகாரின் மேல் இறுதி உத்தரவு வந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே வராவிட்டால் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் கணவர் எழுத்தில் எதைக் கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் உள்ள நகல் ஒன்று உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். அடுத்த லீவில் அவர் வரும்போது, புதிதாக எழுதிய புகாரைக் கொடுப்பதற்கு முன் அதை ஒரு வக்கீலிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள். ஃபோனில் அனுப்ப வேண்டாம்.